குறைந்தது நூற்றிருபது சொற்கள்

பயிற்சி பதினான்கு.
நீங்கள் ஒரு விடுதியில் தங்கினீர்கள்.
அறை உங்களுக்குத் திருப்தியாக இல்லை.
மேலாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதுக.
குறைந்தது நூற்றிருபது சொற்கள்.

பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள் தெக்லா.
இருபத்தாறு வயது. ஈரக்குடை இன்னும் கையில்.
பதூமியில் மழைக்குக் கிழமை கிடையாது.

முர்மானுக்குக் கவலையில்லை.
டாக்ஸி ஓட்டுகிறவன், புகார்தான் அவன் தாய்மொழி.
ஜுஜுனா கையைத் தூக்கினாள்:
நான் விடுதியில் தங்கியதே இல்லையே, டீச்சர்?
கற்பனை செய்யுங்கள், என்றாள் தெக்லா.

எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை.
பதினோராம் மாடி, கடல் பக்கம், பதினாறு அறைகள்,
ஒன்பது வருஷமாக என் சாவிக்கொத்தில்.
குளியல் தொட்டியின் வடிகாலில் சுருண்ட முடி,
தொலைக்காட்சிக்குப் பின்னால்
விரல் விட்டுப் பார்ப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் தூசி,
கட்டிலுக்கடியில்
போன வாரத்து ஆளின் ஒற்றைக் காலுறை.

முதல் வாக்கியம்:
பணிப்பெண் தரையைத் துடைக்கவில்லை.
இலக்கணம் சரி. காலம் சரி.
எழுவாய் தன் இடத்தில் நிற்கிறது,
கையில் வாளியோடு.
எனக்கு அவளைத் தெரியும்.
அன்றைக்கு மனானா விடுப்பு,
இவளுக்கு இரண்டு மாடி.

அடித்தேன்.

ஜூலையில் ஒரு நிஜக் கடிதம் வந்தது.
மேலாளர் பத்ரி என்னை நிற்க வைத்துப் படித்துக் காட்டினார்.
எல்லாம் செய்வினை என்று இப்போது தெரிகிறது.
அன்று புரிந்தது ஒரே ஒரு சொல்,
அது நான்.
மற்ற சொற்களைத் தெரிந்துகொள்ளத்தான்
செவ்வாயும் வியாழனும் இந்தப் பெஞ்சுக்கு வருகிறேன்.
காணாமல் போன சார்ஜர்
அவருடைய கோட்டுப் பையிலேயே இருந்ததாம்.
அதற்குக் கடிதம் வரவில்லை.

போன வாரம் தெக்லா சொல்லித் தந்தது செயப்பாட்டு வினை.
செய்தவர் யாரென்று தெரியாதா,
சொல்ல விருப்பமில்லையா, போடலாம்.

தரை துடைக்கப்படவில்லை.
விரிப்பு மாற்றப்படவில்லை.
தேநீர்க் கோப்பை கழுவப்படாமல் வைக்கப்பட்டிருந்தது.

அடேயப்பா, என்ன இலக்கணம் இது!
குற்றம் அத்தனையும் அறைக்குள் இருக்கிறது,
ஆள் மட்டும் இல்லை.
பட்டது பட்டது என்று முடிகிற வாக்கியங்களில்
பட்டவள் பெயர் வரவே வேண்டாம்.
நான் எழுதிக்கொண்டே போனேன்.
திரைச்சீலையின் ஒரு கொக்கி கழன்றிருந்தது என்றேன்,
அது உண்மை, ஆயிரத்து நூற்றேழாம் அறை,
மூன்று முறை சொல்லியாயிற்று பத்ரியிடம்.
சோப்பு வைக்கப்படவில்லை என்றேன்.
ஸ்டோரில் இருந்தால்தானே வைக்கப்படும்
என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
விட்டுவிட்டேன்.

இடையில் இந்தக் குட்டிச் சொற்கள் வேறு.
எங்கள் மொழியில் பெயர்ச்சொல் தனியாக வீதிக்கு வரும்.
இங்கே ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காவலாள்,
முதல் தரம் பார்த்தால் ஒருத்தன்,
தெரிந்தவரென்றால் இன்னொருத்தன்.
முடிக்கு ஒன்று போட்டேன். தூசிக்கு ஒன்று போட்டேன்.
காலுறைக்கு மறந்துபோனேன்.

எண்ணிப் பார்த்தேன்.
நூற்றுப் பதினேழு.
முர்மான் எப்போதோ முடித்துவிட்டு
ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதிக்கொண்டிருந்தான்.
தங்கள் உண்மையுள்ள. அது இரண்டு.
இன்னும் ஒன்று. விருந்தினருக்குப் பெயர் வேண்டும்.
எட்டிப் பார்த்தேன், முர்மான் ஜேம்ஸ் என்று போட்டிருந்தான்.
ஜுஜுனா ஓர் இளவரசியின் பெயர்.
எனக்கு வெளிநாட்டுப் பெயர் எதுவும் வாயில் வரவில்லை.
பேனாவின் முனை தாளில் ஊன்றி
நீலமாக ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது.
அதன் பக்கத்தில் எழுதினேன்:
சியூரி.

வியாழக்கிழமை தாள் திரும்பி வந்தது.
பத்துக்கு ஏழு.
பெயரைப் பற்றி ஒன்றும் இல்லை.
ஓரத்தில் பச்சை மையில், சாய்ந்த கையெழுத்தில்:
செயப்பாட்டு வினை மிக நன்று.
காலுறைக்கு முன்னால் ஒன்று விடுபட்டிருக்கிறது.
தூசிக்கு முன்னால் எதுவும் வேண்டாம்.